ஸ்பிட்ஃபயர் மார்க் 3: சஸ்பென்ஷனில் எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

கீழக்கரை_மார்க்3:

வணக்கம். வண்டி 1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, இங்கிலாந்துல செஞ்ச ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். சேசிஸை சாண்ட் பிளாஸ்ட் பண்ணி பிரைமர் அடிச்சாச்சு. பாடி மேலே உட்கார்ந்திருக்கு, பெயின்ட் இன்னும் இல்லை. இப்போதைக்குச் சோதனை ஓட்டம் மட்டும்.

ஓடப்போறது கீழக்கரை, ராமநாதபுரம், ராமேஸ்வரம், எப்போவாவது அரிச்சல்முனை வரைக்கும். ரேஸ் கிடையாது. ஆனா இப்போ இருக்கிற மாதிரி ஓட்டவும் முடியாது.

பின்பக்கம் தூக்கலா நிக்குது. பின்னால நின்னு பார்த்தா ரெண்டு சக்கரமும் அடியில உள்வாங்கியிருக்கு. பழைய ஓனர் காலத்துல பின் பட்டையை (குறுக்கே இருக்கிற லீஃப் ஸ்பிரிங்) பட்டறையில வளைச்சிருக்கணும், இல்லேன்னா ஸ்டாண்டர்டு ஹெரால்டு பட்டையை மாட்டியிருக்கணும். பாம்பன் ரோட்டுப் பாலத்துல ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் பின்பக்கம் எகிறி ஒரு பக்கமா நகருது, ஸ்டீயரிங்கைத் திருத்திக்கிட்டே இருக்கணும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா முன் வலது சக்கரத்துல கிரீச்னு சத்தம்.

வாங்க நினைக்கிறது: முன்னால 330 பவுண்டு ஸ்பிரிங் (ஒரு அங்குலம் அமுங்க 330 பவுண்டு சுமை வேணும்; வண்டியை ஒரு அங்குலம் தாழ்த்துறது), நாலு அட்ஜஸ்டபிள் ஷாக், வண்டி முழுக்க ரப்பருக்குப் பதிலா பாலியுரித்தேன்ல செஞ்ச பாலி புஷ். பின்னால பட்டைக்கு என்ன பண்றதுன்னு தெரியலை: புது ஸ்டாக் (கம்பெனி போட்ட அதே மாதிரி) பட்டையா, மார்க் 4 ஸ்விங் ஸ்பிரிங்கா, கேம்பர் காம்பென்சேட்டரா? எல்லாத்தையும் ஒரே பார்சல்ல இங்கிலாந்திலிருந்து வரவழைக்கணும், அதனால தப்பான பொருள் வந்தா திருப்பி அனுப்புறது நடக்காது.

சேது_கேரேஜ்:

தம்பி, சத்தம் வர்ற வலது முன்சக்கரத்தை முதல்ல கழட்டுங்க. ஸ்பிரிங் பேச்செல்லாம் அப்புறம். அது சரியாகாம அந்த வண்டியைப் பாலத்துல ஏத்தாதீங்க.

இந்த வண்டியில வெர்டிகல் லிங்க்கோட (சக்கரத்தைத் தாங்குற நிமிர்ந்த இரும்புத் துண்டு) அடிமுனை மரை போட்டது. அது ட்ரன்னியன்ங்கிற பித்தளைக் கட்டைக்குள்ள திருகி நிக்குது. ஸ்டீயரிங் ஒடிக்கும்போது சுத்துறது அந்த மரைதான், அங்கே பேரிங் கிடையாது. அதுக்குப் போட வேண்டியது கியர் ஆயில், இபி 90. கிரீஸ் இல்லை. நம்ம ஊர் வாட்டர் சர்வீஸ்ல நிப்பிள் எங்கே கண்ணுல பட்டாலும் கிரீஸ் கன்னை வெச்சு அழுத்திடுவாங்க. கிரீஸ் மரையோட அடி வரைக்கும் இறங்காது. இறுகி நின்னு, உள்ளே போன தண்ணியையும் உப்பையும் அங்கேயே பூட்டி வெக்கும். மரை காஞ்சு பிடிக்க ஆரம்பிச்சா நீங்க ஒடிக்கிற விசை முழுக்க லிங்க்கை முறுக்கும். துரு அரிச்ச இடத்துல விரிசல் விட்டு, ஒரு நாள் லிங்க் முறிஞ்சு சக்கரம் வெளியே சாயும். அனேகமா மெதுவா முழுசா ஒடிச்சுத் திருப்பும்போதுதான் முறியும், ஆனா அதை நம்பி ஓட்டக்கூடாது.

பிரேக் காலிபரைக் கழட்டினா கம்பி கட்டித் தொங்கவிடுங்க, ஹோஸ்ல தொங்கக்கூடாது. ட்ரன்னியன் போல்ட்டு, நைலான் புஷ்ஷுக்கு நடுவுல இருக்கிற ஸ்டீல் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். சம்மட்டியால அடிச்சா விஷ்போனோட (சக்கரத்தைச் சேசிஸோட இணைக்கிற முக்கோணக் கை) காது வளைஞ்சிடும். ஒரு ராத்திரி ஊறவிட்டும் அசையலைன்னா, காதுக்கும் ட்ரன்னியனுக்கும் நடுவுல ஹேக்ஸா பிளேடை விட்டு ரெண்டு பக்கமும் அறுத்துடுங்க. போல்ட்டும் புஷ்ஷும் கிட்ல மலிவா வரும், விஷ்போன் அப்படி இல்லை.

லிங்க் கைக்கு வந்ததும் மண்ணெண்ணெய்ல கழுவி மரையை நகத்தால தடவிப் பாருங்க. ரப்பர் சீல் உட்கார்ற இடத்தை ஒட்டி, மரை தொடங்குற பகுதியில குழி விழுந்திருந்தா அந்த லிங்க்கைத் திரும்ப மாட்டக்கூடாது. பளபளன்னு இருந்தாலும் டை பெனட்ரன்ட் அடிச்சுப் பாருங்க. கிளீனர், செவப்பு மை, வெள்ளை டெவலப்பர்னு மூணு டப்பா. செவப்பை அடிச்சு 10 நிமிஷம் விட்டு, கிளீனரைத் துணியில நனைச்சுத் துடைக்கணும். நேரா லிங்க் மேல ஸ்பிரே பண்ணினா விரிசலுக்குள்ள நிக்கிற மையும் கழுவிக்கிட்டுப் போயிடும். அப்புறம் டெவலப்பர். மெல்லிசா ஒரு செவப்புக் கோடு எழும்பினாலும் அது கழிவு.

புது ட்ரன்னியன் ஆர்டர் போடும்போது இடது ஒண்ணு, வலது ஒண்ணு. மரை எதிரெதிர் திசை. ரெண்டு வலதை வரவழைச்சா ஒண்ணு அலமாரியிலதான் இருக்கும். மாட்டும்போது கடைசி வரைக்கும் திருகி, அங்கிருந்து ஒரு சுத்துக்குள்ள பின்னால எடுக்கணும். ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடியுதான்னு பார்த்துக்குங்க. அடிப் பிளக்கைக் கழட்டி நிப்பிள் போட்டு, தனியா ஒரு கன்ல 90 ஆயிலை நிரப்பி, மேல் சீல்ல கசியிற வரைக்கும் அழுத்துங்க. இந்தக் கரையில 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அடைமழை முடிஞ்சதும் கூடுதலா ஒரு தடவை. கன் ஒழுகும், தரை நாறும், பரவாயில்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம சென்னையில தயாரான வண்டிங்கிறதால புதுப்பேட்டையில இந்தச் சாமான் இன்னும் கண்ணுல படும். முன் சஸ்பென்ஷன் அமைப்பு ஒரே குடும்பம்தான். ஆனா ஹெரால்டுலயே எல்லா வருஷமும் ஒரே அளவு இல்லை. உங்க லிங்க்கைக் கையோட எடுத்துட்டுப் போய் திருகிப் பார்த்துத்தான் காசு கொடுக்கணும். கழட்டின பழைய லிங்க் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

மதுரை_ஓவர்ஸ்டீயர்:

பின்பக்கத்துக்கு வருகிறேன்.

மார்க் 3-இல் பின்னால் ஸ்விங் ஆக்சில். ஒவ்வொரு அரை ஆக்சிலும் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் கியர் பெட்டி) பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்டில்தான் மடங்கும். அதனால் சக்கரம் கீழே இறங்க இறங்க அதன் அடி உள்ளே வாங்கும். வளைவில் வெளிச்சக்கரத்தில் விழும் பக்கவிசை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். நடு வளைவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் தூக்கும். சக்கரம் மடிந்து பிடி போய்விடும். உங்கள் வண்டி நேராக நிற்கும்போதே அடி உள்வாங்கி நிற்கிறது. அதாவது மடிவதற்கான பாதி வழியை வீட்டு வாசலிலேயே கடந்துவிட்டது. நம் பட்டறைகளில் பட்டையைக் கொடுத்தால் லோடு ஏற்றுகிற கணக்கில் வளைத்துக் கொடுப்பார்கள். லாரிக்கு அது நியாயம். 700 கிலோ சொச்சம் எடையுள்ள இரண்டு சீட் வண்டிக்கு அது ஆபத்து. ஹெரால்டு பட்டையும் நான்கு பேர் அமர்வதற்கானது, இங்கே அதற்கு வேலை இல்லை.

முதலில் அளவெடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்கக்கூடாது. சக்கரம் மடிந்த நிலையிலேயே தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிய பிறகுதான் பட்டை தன் நிலைக்கு வரும். கையேட்டுக் கணக்கு சீட்டுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. ஒவ்வொரு சீட்டிலும் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று வைத்தால் ஏறக்குறைய சரியாக வரும். ரிம்முக்கு எதிரே தூக்குக்குண்டு தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூர வித்தியாசத்தைப் பாருங்கள். 13 அங்குல ரிம்மில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. சுமையோடு நிற்கும்போது மேல்விளிம்பு 6 முதல் 12 மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்திருந்தால் போதும்.

இனி நீங்கள் கேட்ட தேர்வுகள். கேம்பர் காம்பென்சேட்டர் என்பது டிஃபரன்ஷியலுக்கு அடியில் குறுக்கே தொங்கும் இன்னொரு பட்டை. வேலை செய்யும், ஆனால் உச்சிப்புளி பக்கம் இருக்கிற வேகத்தடைகளுக்கு அதுதான் முதல் பலி. புது ஸ்டாக் பட்டை போட்டால் வண்டி தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குத் திரும்பும், பழைய குணமும் கூடவே வரும். பட்டைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே தாழ்த்தும் பிளாக் வைத்தால் கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கிடைக்கும். அதற்கு நீளமான ஸ்டட் வேண்டும்.

என் ஓட்டு ஸ்விங் ஸ்பிரிங்குக்கு. 1970 கடைசியில் மார்க் 4 வந்தபோது ட்ரையம்ப் கம்பெனியே இந்தக் குறைக்குக் கண்ட தீர்வு அது. பட்டைக் கட்டில் அடிப்பட்டை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கும். மற்றவை நடுவில் ஊஞ்சல் போல ஆடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலேறும்போது முழுக்கட்டும் தாங்கும். வண்டி ஒரு பக்கம் சாயும்போது பட்டை எதிர்ப்பது குறைவு, அதனால் தூக்கும் போக்கு பெருமளவு அடங்கிவிடும்.

இதில் ஒரு கட்டாயம் உண்டு. பின்பக்கம் சாய்வை எதிர்ப்பது குறைந்துவிட்டதால் அந்த வேலை பெரும்பாலும் முன்பக்கத்துக்கு வருகிறது. மார்க் 3-இன் 11/16 அங்குல ஆன்டி ரோல் பாருக்கு (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் முன் கம்பி) அது தாங்காது, வண்டி படகாட்டம் ஆடும். 7/8 அங்குல பார், அதற்குரிய கிளாம்ப், ரப்பர், லிங்க் எல்லாம் சேர்த்துச் செட்டாக வாங்குங்கள். ஸ்விங் ஸ்பிரிங்கின் நடுப்பெட்டி உயரம் வேறு; டிஃபரன்ஷியல் ஸ்டட் நீளத்தையும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடித் தகட்டின் இடைவெளியையும் சரிபார்த்துக்கொண்டு ஆர்டர் போடுங்கள். 1973 மாடலில் அரை ஆக்சில் நீண்டு பின் டிராக் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையிலான அகலம்) அகலமானது. எனவே விற்பவரிடம் உங்களுடையது குட்டை ஆக்சில் என்று எழுதிச் சொல்லிவிடுவது நல்லது.

பாலத்தில் பின்பக்கம் பக்கவாட்டில் நகர்வதற்குப் பட்டை மட்டும் காரணமாக இருக்காது. ஸ்பிட்ஃபயரில் பின் ரேடியஸ் ஆர்ம் (சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பி) மாட்டியிருப்பது சேசிஸில் இல்லை, பாடியில். சீட்டுக்குப் பின்னால் தரை மேலேறும் தகட்டில் அந்த ப்ராக்கெட் இருக்கிறது. அங்கே துரு இருந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தகடு இழுபட்டு, பின்சக்கரம் தானாகத் திரும்பும். கார்ப்பெட்டைத் தூக்கி, கெட்டியான ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெயின்ட் அடிக்காமல் வைத்திருப்பது அதிர்ஷ்டம்; வெல்டிங்கை இப்போதே முடித்துவிடலாம். பின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியா வெளிநோக்கியா என்பது) சரிசெய்யும் ஷிம்மும் (மெல்லிய தகடு) அந்த ப்ராக்கெட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். கழற்றும்போது எத்தனை ஷிம், எந்தப் பக்கம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாலிநோக்கம்_உப்பு:

மேலே ரெண்டு பேரும் சொன்னதுக்கு மறுப்பு இல்லை. உப்பு பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா இங்கே எந்த பார்ட்டும் ஸ்பிரிங் ரேட் தப்பாகிச் சாகிறது இல்லை.

துருப்பிடிக்காதுன்னு சஸ்பென்ஷன்ல ஸ்டெயின்லெஸ் போல்ட் போடாதீங்க. கடையில கிடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ், 8.8 கிரேடு ஹை டென்சைல் இரும்பை விட பலம் குறைவு. மரை சிக்கிக்கிட்டா பாதியிலேயே முறுக்கிக்கிட்டு நிக்கும். இந்த வண்டிக்கு யுஎன்எஃப் மரை (அங்குலக் கணக்கு), ஹை டென்சைல். மெட்ரிக்கைத் திணிக்கிற வேலையும் வேண்டாம். போல்ட்டோட மரையில்லாத தண்டுல ஆன்டி சீஸ் (துருப்பிடிச்சு ஒட்டாம இருக்கிறதுக்கான பேஸ்ட்) தடவி மாட்டினா அடுத்த தடவை ஹேக்ஸா தேவைப்படாது.

காயில் ஸ்பிரிங்கையும் பட்டையையும் எலக்ட்ரோ பிளேட்டிங் கடையில கொடுக்காதீங்க. ஹைட்ரஜன் இரும்புக்குள்ள போய் ஸ்பிரிங் நொறுங்குற தன்மைக்கு வந்துடும், சூடு காட்டி அதை எடுக்கிற வேலையை எல்லாக் கடையிலயும் ஒழுங்கா செய்யமாட்டாங்க. பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஒரு கல் பட்டு உரிஞ்சா அடியில துரு ஊர்ந்துக்கிட்டே போகும், மேலே ஒண்ணும் தெரியாது. மண்டபம், ராமேஸ்வரத்துல விசைப்படகுக்கு அடிக்கிற ரெண்டு டப்பா எபாக்சி பிரைமரும் அதுக்கு மேல பாலியுரித்தேனும் போதும். உரிஞ்ச இடத்துல பிரஷ்ஷாலயே ஒட்டுப் போட்டுக்கலாம்.

அரிச்சல்முனைக்குப் போய் வந்தா அன்னைக்கே அடிப்பாகத்தைக் கழுவணும். எந்தத் தண்ணியில கழுவுறீங்கங்கிறதுதான் கேள்வி. நம்ம பக்கத்து போர் தண்ணி பல இடத்துல உப்பு. அதுல கழுவினா காய்ஞ்சதும் வெள்ளையாப் படியும், கழுவாமலே விட்டிருக்கலாம். ஆர்ஓ மெஷின்ல கழியிற தண்ணி அதை விட மோசம். காவிரித் தண்ணி, இல்லேன்னா மழைத்தண்ணித் தொட்டி. ரெண்டு வாளியும் கைப்பம்பும் இருந்தா விஷ்போன், ட்ரன்னியன், பட்டை முனை, ரேடியஸ் ஆர்ம் ப்ராக்கெட் நாலையும் நல்லாவே கழுவிடலாம்.

கழுவினதும் டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடிக்கிற பழக்கத்தை விடுங்க. ரப்பர் புஷ் ஊதிப் போயிடும். சேசிஸ் குழாய்க்குள்ள கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்கிற மெழுகு) போதும்.

ஆனி ஆடியில கச்சான் வீசும்போது தனுஷ்கோடி ரோட்டுல மணல் ஓடும். அதனால ரோஸ் ஜாயின்ட் (திறந்து கிடக்கிற உருண்டை மூட்டு) போட்ட அட்ஜஸ்டபிள் ஆர்ம் யாராவது விக்கப் பார்த்தா வேண்டாம்னு சொல்லிடுங்க.

கீழக்கரை_மார்க்3:

ரொம்ப நன்றி. வலது ட்ரன்னியனுக்குள்ள ஆயிலே இல்லை, காஞ்சு போன கறுப்புக் கிரீஸ். லிங்க்ல குழி தெரியுது, ரெண்டு பக்கமும் புதுசா போடுறேன். மூட்டை வெச்சு, உருட்டி அளந்தாச்சு: இடது சக்கரத்துல அடி 9 மில்லிமீட்டர் உள்ளே, வலதுல 14. வலது ரேடியஸ் ஆர்ம் ப்ராக்கெட்டுக்குப் பின்னால ஸ்குரூ டிரைவர் உள்ளேயே போயிடுச்சு. ரெண்டு பக்கத்துக்கும் ஏன் இந்த வித்தியாசம்? அப்புறம் ஷாக், புஷ், 330 ஸ்பிரிங் பத்தி யாரும் முடிவாச் சொல்லலையே.

மதுரை_ஓவர்ஸ்டீயர்:

வித்தியாசத்துக்கு முதல் சந்தேகம் தரை. வண்டியை அதே இடத்தில் திருப்பி நிறுத்தி மறுபடி அளங்கள். 14 இடப்பக்கம் வந்துவிட்டால் தரைதான் சாய்வு. வலப்பக்கமே நின்றால் பட்டையை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வளைக்கவில்லை என்று கொள்ளலாம். எப்படியும் அந்தப் பட்டை போகப்போகிறது, அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். புதுப்பட்டை போட்ட பிறகும் வித்தியாசம் இருந்தால் மட்டும் சேசிஸ் கோணலைத் தேடலாம்.

பட்டையை இறக்கும்போது பின் ஷாக்கைக் கழற்றுவதற்கு முன்னால் பின்சக்கர வெர்டிகல் லிங்க்குக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். இந்த வண்டியில் சக்கரம் கீழே இறங்குவதை நிறுத்துவது ஷாக்கின் நீளம்தான். தாங்காமல் கழற்றினால் சக்கரம் சட்டென்று விழும், பிரேக் ஹோஸ் இழுபடும். அதே காரணத்தால் "கிட்டத்தட்ட இதே அளவு" என்று யாராவது கொடுக்கும் நீளமான ஷாக்கைப் பின்னால் மாட்டினால், சக்கரம் மடிவதற்குக் கூடுதல் இடம் கொடுத்தது போலாகும்.

சேது_கேரேஜ்:

330 வேண்டாம். ஸ்டாக் ஸ்பிரிங் 150 பவுண்டு அளவுதான், இது ரெண்டு மடங்குக்கும் மேல. வழவழப்பான டிராக்ல நல்லா இருக்கும். பாலத்து இணைப்புல இப்போ பின்பக்கம் எகிறுது, அப்போ முன்பக்கமும் சேர்ந்து எகிறும். ஒரு அங்குலம் தாழ்த்தினதும் வேண்டாம். வண்டிக்கு அடியில இருக்கிறதே ஏறக்குறைய 5 அங்குலம், சைலன்சர் குழாய் உரசும். ஸ்டாக் ரேட், ஸ்டாக் உயரம். சாய்வை 7/8 பார் பார்த்துக்கும்.

ஷாக்: கோனி மாதிரி நல்ல ஷாக் நாலு, அட்ஜஸ்டபிளா இருந்தா சரி, இல்லைன்னாலும் சரி. திருகு வெளியில இருக்கிற மாதிரி வாங்கினா மாசம் ஒரு தடவை முழு வீச்சுக்கும் திருப்பி விடுங்க, உப்புல இறுகினா அப்புறம் அசையாது. இறுக்கத்தைக் குறைவான நிலையில வெச்சு ஆரம்பிங்க. புது ஷாக்கைக் கடைசி வரைக்கும் இறுக்கி வெச்சுட்டு வண்டி துள்ளுதுன்னு சொல்றவங்கதான் அதிகம்.

புஷ்ல மட்டும் எனக்குத் தனிக் கருத்து. விஷ்போனுக்கு ரப்பர். பாலி புஷ் உள்ளே ஸ்டீல் குழாய் மேல சுத்துறது. மணல் போனா குழாயைத் தேய்க்கும், சிலிகான் கிரீஸ் காஞ்சா கத்தும். ரப்பர் சுத்தாது, முறுகும், மணலுக்கு அங்கே வேலை இல்லை. பாலி போட வேண்டிய இடம் ஆன்டி ரோல் பார் கிளாம்ப், ஸ்டீயரிங் ரேக்கைச் சேசிஸோட பிடிக்கிற ரேக் மவுன்ட். ரேக் மவுன்ட் பழைய ரப்பரா இருந்தா நீங்க சொல்ற ஸ்டீயரிங் திருத்தத்துல பாதி அங்கிருந்துதான் வருது. எஞ்சின் வண்டியிலேயே இருந்து, சக்கரம் தரையில நின்னு, மூட்டையும் சீட்ல இருக்கும்போதுதான் விஷ்போன் புஷ் போல்ட்டை இறுக்கணும். ஜாக்கியில தொங்கும்போது இறுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுக்கோடவே நிக்கும், சீக்கிரம் கிழியும்.

வாலிநோக்கம்_உப்பு:

விஷ்போனுக்கு ரப்பர்னா கூடவே பட்டை முனைப் புஷ்ஷையும் ரப்பராவே வாங்கிடுங்க. பாலி புஷ் உப்புத் தண்ணிக்குக் கெடாதுங்கிறது உண்மைதான், அதுக்குள்ள இருக்கிற ஸ்டீல் குழாய் கெடும்.

கீழக்கரை_மார்க்3:

அலைன்மென்ட் இங்கே கம்ப்யூட்டர் கடையில பண்ணிடலாமா?

மதுரை_ஓவர்ஸ்டீயர்:

பண்ணலாம், மெஷினில் இந்த வண்டியின் கணக்கு இருக்காது, நீங்களே சொல்ல வேண்டும். முன் டோ இன் 1/16 முதல் 1/8 அங்குலம், அதாவது 1.5 முதல் 3 மில்லிமீட்டர். முன் கேம்பருக்கு கீழ் விஷ்போன் ப்ராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஷிம் இருக்கிறது. ஷிம் சேர்த்தால் சக்கரத்தின் அடி வெளியே போகும், கேம்பர் நெகட்டிவ் பக்கம் நகரும். முன் ப்ராக்கெட்டுக்கும் பின் ப்ராக்கெட்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் சேருங்கள்; இல்லையென்றால் காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) மாறிவிடும். பின் டோ அவர்கள் தொடாத இடம், "அட்ஜஸ்ட்மென்ட் இல்லை சார்" என்பார்கள். ரேடியஸ் ஆர்ம் ஷிம்மைக் காட்டுங்கள். பின்சக்கரம் லேசாக உள்நோக்கி இருக்கலாம், வெளிநோக்கி இருக்கவே கூடாது.

பங்க்கில் நான்கு டயருக்கும் 32 அடிக்க விடாதீர்கள். 155 ரேடியலுக்கு முன்னால் 21, பின்னால் 26 பிஎஸ்ஐ, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது. முன்னால் காற்று குறைவாக இருப்பது இந்த ஆக்சிலுக்காக வைத்த கணக்கு. முன்பின் சமமாக அடித்தால் ஸ்விங் ஸ்பிரிங்குக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

சேது_கேரேஜ்:

ஒண்ணு விட்டுப்போச்சு. புதுப்பட்டையை டிஃபரன்ஷியல் மேல பிடிக்கிற நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வெச்சுப் பாருங்க. கொஞ்சம் உட்கார்ந்து தளர்ந்திருக்கும். அதுவரைக்கும் சீட்டுக்குப் பின்னால இருக்கிற மூடித் தகட்டை சீலன்ட் போட்டு ஒட்டாதீங்க, ஸ்குரூ மட்டும் போதும்.